கணக்கிட்ட யூனிட்டும் மீட்டர் காட்டும் யூனிட்டும்: அலுவலகக் கட்டடத்தின் மின்நுகர்வு இடைவெளியைக் கண்டறியும் முறை

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்று எழும்பும் முன்பே, அது ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவழிக்கும் என்று கணினி மாதிரியில் கணக்கிட்டு வைத்துவிடுகிறார்கள். பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெறவும், எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகளுக்கு உட்பட்டதாகக் காட்டவும் அந்தக் கணக்கு தேவைப்படுகிறது. கட்டடம் இயங்கத் தொடங்கி ஓராண்டு ஆனபின் அந்த எண்ணை மீண்டும் எடுத்து மின்கட்டணப் பட்டியலோடு ஒப்பிடுபவர்கள் மிகச் சிலரே. ஒப்பிடுபவர்களிலும் பலர், வித்தியாசத்தைப் பார்த்த உடனேயே கணக்குப் போட்டவரையோ கட்டடத்தை நடத்துபவரையோ குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த இடைவெளி ஏதோ ஒரு கட்டடத்துக்கு மட்டும் நேர்வதன்று. பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை நடந்த 'புரோப்' ஆய்வுகள், பொறியியல் உலகம் மெச்சிய புதிய கட்டடங்களுக்குள்ளேயே சென்று, அவை வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஆற்றலைச் செலவழிப்பதைக் காட்டின. அமெரிக்காவில் லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்ற 121 கட்டடங்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த அறிக்கை வேறொரு பாடத்தைத் தந்தது. எல்லாக் கட்டடங்களின் சராசரியை எடுத்தால் கணக்கும் நடப்பும் ஏறக்குறைய ஒத்துப்போயின. தனித்தனியே பார்த்தாலோ, பாதிக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கணக்கிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தன, சில மேலே, சில கீழே. ஆகவே உங்கள் கட்டடத்தின் எண் விலகியிருப்பதில் வியப்பில்லை. அது எந்த மணியில், எந்த இயந்திரத்தில், எதனால் விலகுகிறது என்பதே கண்டுபிடிக்க வேண்டியது. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில், உயர் அழுத்த மின் இணைப்பு உள்ள நடுத்தர அலுவலகக் கட்டடத்தை மனத்தில் வைத்து, அதற்கான வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் கணக்கு எதற்காகப் போடப்பட்டது என்று கேளுங்கள்

வடிவமைப்புக் காலத்து அறிக்கையை எடுத்து, அதிலுள்ள எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் அனுமானங்களைப் படிக்க வேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் விதிகளுக்கு இணங்குவதைக் காட்டுவதற்காக எழுதப்பட்டவை. அவற்றில் உங்கள் கட்டடமும் 'தரநிலைக் கட்டடம்' என்ற கற்பனைக் கட்டடமும் ஒரே வேலை நேரம், ஒரே ஆள் எண்ணிக்கை, ஒரே வெப்பநிலை என்று வைத்து ஒப்பிடப்படுகின்றன. இரண்டில் எது எத்தனை சதவீதம் மேல் என்று சொல்வதே அந்த ஒப்பீட்டின் வேலை. பசுமைச் சான்றிதழ்களுக்குப் பரவலாகப் பயன்படும், அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 90.1 தரநிலையின் பின்னிணைப்பு 'ஜி', இப்படிப் பெறப்படும் எண் கட்டி முடித்த கட்டடத்தின் உண்மையான நுகர்வை முன்கூட்டிச் சொல்வதாகாது என்று தானே தெளிவாகக் கூறிவிடுகிறது. அந்த வரியைப் படிக்காமல் அந்த எண்ணை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

அறிக்கையிலிருந்து சில விவரங்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டடம் வாரத்தில் எத்தனை நாள், நாளில் எத்தனை மணி நேரம் இயங்குவதாகக் கொண்டார்கள்? ஏசியின் செட் பாயிண்ட், அதாவது அதில் வைக்கும் வெப்பநிலை, என்ன? ஒரு சதுர மீட்டருக்கு விளக்குக்கு எத்தனை வாட், கணினி முதலிய மேசைக் கருவிகளுக்கு எத்தனை வாட்? எந்த ஊரின், எந்த வானிலைக் கோப்பைப் பயன்படுத்தினார்கள்? லிஃப்ட், தண்ணீர் பம்புகள், சர்வர் அறை, கேன்டீன் அடுப்புகள், வெளி விளக்குகள், அடித்தள வாகன நிறுத்தத்தின் காற்றோட்ட விசிறிகள் ஆகியவை கணக்கில் உண்டா, இல்லையா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல சமயம் இடைவெளியின் பெரும்பகுதியை விளக்கிவிடும்.

பரப்பளவையும் சரிபார்க்க வேண்டும். கட்டடங்களை ஒப்பிட நாம் பயன்படுத்தும் அளவு, ஆண்டு யூனிட்டைச் சதுர மீட்டரால் வகுத்துப் பெறுவது. மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்குத் தொடங்கிய நட்சத்திர மதிப்பீடும் இதையே அடிப்படையாகக் கொண்டது. அதில் அடித்தள வாகன நிறுத்தம் பரப்பளவில் சேராது. அறிக்கை ஒரு பரப்பளவாலும் நீங்கள் வேறொரு பரப்பளவாலும் வகுத்தால், இல்லாத இடைவெளி தோன்றும், இருக்கும் இடைவெளி மறையும்.

உண்மையான நுகர்வைச் சேகரித்தல்

மின்வாரியத்தின் பட்டியல் மட்டும் கட்டடத்தின் நுகர்வாகாது. குறைந்தது 12 தொடர்ச்சியான மாதங்களின் பட்டியல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மீட்டர் வாசித்த தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் 28 நாளும் மற்றொன்று 33 நாளும் அடங்கியிருந்தால், மொத்த யூனிட்டை ஒப்பிடுவதில் பொருளில்லை, நாளொன்றுக்கான யூனிட்டைத்தான் ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் பல உயர் அழுத்த நுகர்வோர் காற்றாலை மின்சாரத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக் கழித்துக்கொள்கிறார்கள். அப்படியானால் கழித்த பிறகு மிஞ்சும் யூனிட்டை எடுக்காமல், மீட்டர் பதிவு செய்த மொத்த யூனிட்டையே எடுக்க வேண்டும்.

கூரையில் சோலார் இருந்தால், மின்வாரியத்திடமிருந்து வாங்கியதோடு சோலார் உற்பத்தியைக் கூட்டி, வெளியே அனுப்பியதைக் கழிக்க வேண்டும். ஜெனரேட்டருக்குத் தனி மீட்டர் இல்லையென்றால், டீசல் பதிவேட்டைப் பார்த்து லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் என்று மதிப்பிடலாம். குறைந்த சுமையில் ஓடும் ஜெனரேட்டரில் இது இன்னும் குறையும். வாடகைதாரர்கள் தனி இணைப்பு வைத்திருந்தால் அவர்களுடைய பட்டியல்களும் வேண்டும். இதற்கு அவர்களைக் கேட்டு, விளக்கி, சில வாரங்கள் காத்திருக்க நேரும். அதைத் தவிர்க்க வழியில்லை.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. 2020, 2021 ஆண்டுகளின் அலுவலக நுகர்வு எதற்கும் அளவுகோலாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. அத்தகைய மாதம் உள்ளே இருந்தால் அதைத் தனியே குறித்து வைக்க வேண்டும். கட்டடத்தில் பாதி மாடிகள் காலியாக இருந்த காலமும் அப்படியே.

கட்டடத்தின் பகுதிகளைத் தனித்தனியே அளக்கும் சப் மீட்டர்கள் இருந்தால் அவற்றை நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு மின் பலகையில், மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் மின்மாற்றி (சிடி) 200/5 விகிதத்தில் பொருத்தப்பட்டிருக்க, மீட்டருக்குள் 100/5 என்று பதிந்திருந்தால், அது உண்மையில் பாதியைத்தான் காட்டும். மாதாமாதம் எழுதிவரும் பதிவேட்டில் எவருக்கும் ஐயம் வராது, ஏனென்றால் எண்கள் ஏறி இறங்குவது இயல்பாகவே தெரியும். எளிய சோதனை ஒன்று போதும்: ஒரே நாளில் ஒரே மணிக்கு எல்லாச் சப் மீட்டர்களையும் முதன்மை மீட்டரையும் வாசித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் அதேபோல் வாசித்து, கூட்டுத்தொகை முதன்மை மீட்டரோடு சில சதவீதத்துக்குள் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால், பலகையைத் திறந்து மின்மாற்றியின் மேல் எழுதியிருப்பதைத் தகுதியுள்ள மின் பணியாளர் ஒருவர் படித்துச் சொல்லும்வரை மேற்கொண்டு எதையும் கணக்கிட வேண்டாம்.

வானிலையைச் சமன்செய்தல்

கணினி மாதிரி பயன்படுத்தும் வானிலைக் கோப்பு எந்த ஓர் ஆண்டுடையதும் அன்று. பல ஆண்டுகளிலிருந்து வழக்கமான மாதங்களைத் தேர்ந்து கோத்தது. அதுவும் பெரும்பாலும் விமான நிலையத்தில் அளந்தது. நகரின் நெருக்கமான பகுதியில் இரவு வெப்பம் அதைவிட மெதுவாகத்தான் தணியும்.

நாளொன்றுக்கான யூனிட்டை நிமிர்ந்த அச்சிலும், அந்த மாதத்தின் சராசரி வெளி வெப்பநிலையைப் படுக்கை அச்சிலும் வைத்து 12 புள்ளிகளையும் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு கோட்டில் அமைந்தால், கோட்டின் சாய்வு ஏசியின் பங்கைக் காட்டும். குளிரூட்டலே தேவைப்படாத வெப்பநிலைக்குக் கோட்டை நீட்டினால், வானிலையைச் சாராத நிலைச்சுமை தெரியும். சென்னையில் அக்டோபர், நவம்பர் புள்ளிகள் கோட்டுக்கு மேலே நிற்பதைப் பார்ப்பீர்கள். வெப்பநிலை இறங்கியிருந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், அந்த ஈரத்தை வடிக்கவும் ஏசி உழைக்கிறது. அதனால் கடலோர ஊர்களுக்கு சாதாரண வெப்பமானி காட்டும் உலர் வெப்பநிலையைவிட, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையே பொருத்தமான அச்சு என்பது என் கருத்து. எப்படிப் பார்த்தாலும், சென்னையில் ஓர் ஆண்டுக்கும் மற்றோர் ஆண்டுக்கும் உள்ள வானிலை வேறுபாடு சில சதவீதத்தைத்தான் விளக்கும். 30 சதவீத இடைவெளிக்கு வெயிலைக் காரணம் காட்டினால் ஏற்க வேண்டாம்.

யாரும் இல்லாத மணிகளிலிருந்து தொடங்குங்கள்

இந்த வேலையில் மிகுந்த பயன் தரும் பகுதி இதுதான், செலவும் இல்லாதது. உயர் அழுத்த இணைப்பின் மின்னணு மீட்டர் அரைமணிக்கு ஒரு முறையோ கால்மணிக்கு ஒரு முறையோ சுமையைப் பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கி, ஒரு சாதாரண வேலைநாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிறு, ஒரு பொது விடுமுறை என நான்கு நாள்களை வரைபடமாக்குங்கள். பதிவு கிடைக்கவில்லையென்றால் காவலரிடம் ஒரு தாளைக் கொடுத்து, இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் முதன்மை மீட்டரை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாசிப்புகளின் வித்தியாசத்தை மீட்டருக்குரிய பெருக்கற்காரணியால் பெருக்கி, 6ஆல் வகுத்தால் சராசரி இரவுச் சுமை கிடைத்துவிடும்.

இதன் எடையை உணர ஒரு கணக்கு, கற்பனையான கட்டடத்தை வைத்து. பரப்பளவு 6,000 சதுர மீட்டர். மாதிரி சொன்னது ஆண்டுக்கு 6,60,000 யூனிட், அதாவது சதுர மீட்டருக்கு 110. நடந்தது இது: மின்வாரிய மீட்டரில் 8,40,000, கட்டடத்துக்குள்ளேயே பயன்பட்ட சோலார் 42,000, ஜெனரேட்டரில் 3,000 லிட்டர் டீசல் எரித்துப் பெற்றது ஏறக்குறைய 10,000. மொத்தம் 8,92,000 யூனிட், சதுர மீட்டருக்கு 149. இடைவெளி 2,32,000 யூனிட், 35 சதவீதம். பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் 27 சதவீதம் என்றுதான் எழுதியிருப்போம்.

மாதிரியில் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 10 மணி, ஆக ஆண்டுக்கு 2,600 மணி. நடப்பில் 6 நாள், 12 மணி, ஆக 3,744 மணி. கூடுதலான 1,144 மணிகளில் இரவுச் சுமைக்கு மேல் சராசரியாக 80 கிலோவாட் ஓடியதாகச் சுமைப்பதிவு காட்டினால், ஏறக்குறைய 91,500 யூனிட் அங்கேயே விளங்கிவிடுகிறது. மாதிரியில் சேர்க்காத சர்வர் அறை 9 கிலோவாட் இடைவிடாமல் இழுக்கிறது; அதன் வெப்பத்தை அகற்றும் ஏசிக்கு மேலும் 3 கிலோவாட்; 12 கிலோவாட்டை 8,760 மணியால் பெருக்கினால் 1,05,000 யூனிட். இரண்டையும் கழித்தபின் விளக்கம் கிடைக்காமல் மிஞ்சுவது ஏறக்குறைய 35,500, அதாவது மொத்த நுகர்வில் 4 சதவீதம்.

இதே கட்டடத்தின் இரவுச் சுமை 40 கிலோவாட் என்று வையுங்கள். வேலை நேரம் தவிர்த்த மணிகள் ஆண்டில் 5,016. ஆகவே 2,00,000 யூனிட்டுக்கு மேல், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம், ஆளில்லாத நேரத்தில் செலவாகிறது. சர்வர் அறையின் 12 கிலோவாட் போக, 28 கிலோவாட் எங்கே போகிறது என்பதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் பராமரிப்புப் பொறியாளரோடு மாடி மாடியாகச் செல்லுங்கள். கழிப்பறை வெளியேற்று விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும். துப்புரவுப் பணிக்காக ஏற்றிய விளக்குகள் அணைந்திருக்காது. ஆட்கள் போன பிறகும் காற்று கையாளும் யூனிட் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். தானியங்கி அட்டவணை இருந்தும், என்றோ ஒரு நாள் இரவுக் கூட்டத்துக்காகக் கைமுறைக்கு மாற்றியவர் அதைத் திரும்பத் தானியங்கிக்கு மாற்றியிருக்க மாட்டார். பெரிய கொள்ளளவுள்ள யூபிஎஸ் கால்பங்கு சுமையில் சூடாக நிற்கும். ஒவ்வொன்றையும் கிளாம்ப் மீட்டரால் அளக்கச் செய்து, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

பகல் நேரத்தில் ஏசி

இரவு முடிந்தபின் ஏசிக்கு வாருங்கள். சென்னை அலுவலகங்களில் மின்சாரத்தை அதிகம் உண்பது பொதுவாக அதுதான். மாதிரி 24 டிகிரி என்று கொண்டிருக்க, சுவரில் 21 என்று வைத்திருந்தால், உட்கார்ந்திருப்பவர்களைக் கடிந்துகொள்ளாமல் ஏன் குறைத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய திறனுள்ள இயந்திரம் அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடுகிறது. நின்ற நேரத்தில் ஈரம் வடிவதில்லை, குளிர்சுருளில் படிந்த நீரும் மீண்டும் காற்றில் கலக்கிறது. அறை பிசுபிசுப்பாக இருப்பதால் ஆட்கள் வெப்பநிலையைக் குறைக்கிறார்கள். அங்கே பலகையில் 'செட் பாயிண்டைத் தொடாதீர்' என்று எழுதி ஒட்டுவதால் எதுவும் தீராது. ஈரத்தைச் சரிசெய்தால் 24 டிகிரியிலேயே வசதியாக இருப்பார்கள். செட் பாயிண்டை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏசியின் மின்சாரம் சுமார் 6 சதவீதம் குறையும் என்று எரிசக்தி திறன் பணியகம் சொல்லிவருகிறது.

நீரைக் குளிர்வித்துக் கட்டடமெங்கும் அனுப்பும் இயந்திரமான சில்லர் உள்ள கட்டடத்தில் குளிர்நீர் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் வெப்பமானியைப் பாருங்கள். 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்ப வேண்டும் என்று வடிவமைத்திருக்க, 9 டிகிரியிலேயே திரும்பினால், தேவையைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீரைப் பம்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருந்தும் அது எப்போதும் முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் நின்றால், வாங்கிய பணம் வீண். பம்பின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் அதற்குத் தேவையான மின்திறன், கோட்பாட்டின்படி, பாதியளவுக்கு இறங்கிவிடும். மாதிரி அந்தக் குறைவைக் கணக்கில் வைத்திருக்கும், களத்தில் அது நடந்திருக்காது. நான் பார்த்தவரை, சில்லரின் திறனைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம், பம்பைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.



மாதிரியைத் திருத்தும்போது

கண்டறிந்தவற்றைக் கணினி மாதிரியில் ஏற்றி மீண்டும் ஓட்டும் கட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: அளந்ததையோ கண்ணால் பார்த்ததையோ தவிர எதையும் மாற்றக் கூடாது. ஆண்டு மொத்தத்தைப் பொருந்தச் செய்வது எளிது; மேசைக் கருவிகளின் வாட்டைச் சற்று ஏற்றினால் போதும். அப்படிச் செய்தால் ஒரு பிழை மற்றொன்றை மறைத்துவிடும், பிறகு அந்த மாதிரியை வைத்து எந்தச் சீரமைப்பின் சேமிப்பையும் கணிக்க முடியாது. ஆகவே மேலே சொன்ன 35,500 யூனிட்டை வலிந்து பூச்சியமாக்க வேண்டாம். விளக்கம் கிடைக்காதது என்றே அறிக்கையில் எழுதுங்கள். மாதவாரியாகப் பொருத்தத்தைப் பார்ப்பதற்கு ஆஷ்ரே வழிகாட்டி 14 தரும் எல்லைகளைப் பின்பற்றலாம்: ஒட்டுமொத்த விலகல் 5 சதவீதத்துக்குள், மாதங்களின் சிதறல் 15 சதவீதத்துக்குள்.

திருத்திய மாதிரி கையிலிருந்தால், இடைவெளியை இரண்டாகப் பிரிக்க முடியும். வேலை நேரம் கூடியதும், சர்வர் அறை வந்ததும் கட்டடத்தின் தேவை மாறியதைக் காட்டுகின்றன. அவற்றில் எவர் தவறும் இல்லை. மறக்கப்பட்ட கைமுறை நிலை, பயனற்ற பம்பு வேகம், தேவையற்ற இரவுச் சுமை ஆகியவை வீண். வீணை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒன்றைச் சரிசெய்தபின் சில வாரம் மீட்டரைக் கவனித்து, அதன்பின் அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

வீடுகளுக்கு இதே முறையை அப்படியே பொருத்த முடியாது. ஜெர்மன் வீடுகளைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வொன்று, அவற்றில் வசிப்பவர்கள் கணக்கிட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே வெப்பமூட்டச் செலவழிப்பதாகக் கண்டது. நம் வீடுகளிலும் ஒரே அறையில் மட்டும் இரவில் ஏசியைப் போட்டுவிட்டு, மற்ற நேரம் மின்விசிறியோடு இருப்பவர்களே அதிகம். எல்லா அறையும் எப்போதும் குளிர்ந்திருப்பதாகக் கொள்ளும் மாதிரி அங்கே மேலே பிசகும். அதை நம்பிச் செய்யும் சீரமைப்பில் எதிர்பார்த்த சேமிப்பும் வராது.

புதிய கட்டடம் கட்டப்போகிறவர்கள் இதை இன்னும் முன்னரே தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் 1998இல் தொடங்கிய, இன்று நேபர்ஸ் என்றழைக்கப்படும் மதிப்பீடு 12 மாத உண்மையான நுகர்வை வைத்தே நட்சத்திரம் தருகிறது. விரும்பும் கட்டுநர்கள் குறிப்பிட்ட நட்சத்திரத்தை எட்டுவதாக முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டு, பின்னர் மீட்டரைக் காட்டி நிரூபிக்க வேண்டும். இங்கேயும் ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர்க்கத் தடையில்லை. விதிக்கு இணங்கும் கணக்கோடு, உண்மையான வேலை நேரத்தையும் எல்லாச் சுமைகளையும் கொண்ட இரண்டாவது கணக்கு ஒன்றையும் கேளுங்கள். பிரிட்டனின் கட்டடச் சேவைப் பொறியாளர்களின் அமைப்பான சிப்சி நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'டிஎம்54' ஆவணம் அதற்கான முறையைச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒரே எண்ணாக இல்லாமல், குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்ற வரம்பாக இருக்கட்டும். ஏசி, விளக்கு, மேசைக் கருவிகள், சர்வர், லிஃப்ட், பம்பு ஆகியவற்றுக்கு மின் பலகையிலேயே தனித்தனி மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்தபின் கம்பிகளைப் பிரிப்பது பெருஞ்செலவு. கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் அனுமானங்களின் பட்டியலும், மாதிரியின் கணினிக் கோப்பும், மீட்டர்களின் மின்மாற்றி விகிதங்களும் சாவிகளோடு சேர்ந்து கைமாற வேண்டும் என்றும், ஆட்கள் வந்தமர்ந்து 12 மாதம் முடிந்ததும் வடிவமைப்பாளர் திரும்ப வந்து மீட்டர் முன் நின்று கணக்கை ஒப்பிட வேண்டும் என்றும், அதற்கான கட்டணத்தோடு சேர்த்து எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.